மங்கலத்துக்கு இடமில்லாத மேசை

2025 ஏப்ரல் 20-ம் தேதி ஓர் ஒப்பந்தம் முடிவானது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்கள் மார்ச் 19 முதல் தறியை நிறுத்தியிருந்தார்கள். சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் கூலி உயர்வு என்று பேசி முடித்த பிறகுதான், ஒரு மாதத்துக்கும் மேலாகச் சத்தமின்றிக் கிடந்த தறிகள் மறுபடி ஓடின. அதிலிருந்து பதினாறாம் நாள், மே 6-ல் இன்னோர் ஒப்பந்தம் பேசி முடிக்கப்பட்டது. இந்தியாவும் பிரிட்டனும் மூன்றேகால் வருடம் இழுத்துக்கொண்டிருந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அது. முதல் செய்தி மாவட்டப் பக்கத்தில் வந்தது. இரண்டாவது எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கத்தைப் பிடித்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு. ஆனால் திருப்பூருக்கு மேற்கே, நொய்யல் ஓரத்தில் இருக்கும் மங்கலத்தில் இந்த இரண்டும் ஒரே பிழைப்பின் இரு முனைகள். தறிக் கூலி எவ்வளவு என்பது திருப்பூரிலும் கோவையிலும் பேசி முடிவாகிறது. அந்தக் கூலியைக் கொடுக்கச் சந்தை இருக்குமா என்பது லண்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் டாக்காவிலும் முடிவாகிறது. முதல் பேச்சுவார்த்தையில் தறிக்காரருக்கு ஒரு நாற்காலியாவது உண்டு. இரண்டாவதில் அவர் பெயர்கூட அடிபடுவதில்லை.

மங்கலம் சாலையில் ஒரு தறிக் கொட்டகைக்குள் நுழைந்தால் பேச்சே கேட்காது. நாடா இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டு ஓடும் சத்தத்தில், தறி ஓட்டுகிறவரும் சாடையில்தான் பேசுவார். நாலைந்து தறிகளுக்கு இடையே நடந்துகொண்டே இருப்பார். ஒரு தறியில் ஊடை நூல் சுற்றிய தார் தீரும், மாற்றுவார். இன்னொன்றில் பாவு நூல் அறுந்து தறி நிற்கும். அறுந்த முனைகளை இரண்டு விரலால் பிடித்து முடிச்சுப் போட்டு, பிடியைத் தள்ளி மறுபடி ஓட விடுவார். சட்டையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருக்கும். பாவு நூலும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் அனுப்பியவை. நெய்து இறங்கும், சாயமேறாத காடா துணியும் அவருக்கே போகிறது. நடுவில் தறிக்காரருக்குக் கிடைப்பது மீட்டருக்கு இத்தனை என்ற கூலி மட்டும். ஆள் சம்பளம், உதிரிப் பாகம், இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரத்துக்கு மேல் ஓடும் மீட்டர், தறி வாங்கிய கடன் எல்லாம் அவர் தலையில்.

அந்தக் கூலி ஒப்பந்தங்களின் வரலாறு கசப்பானது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதமும் உயர்வு என்று அமைச்சர் மட்டத்தில் பேசி அறிவித்தார்கள். உயர்வு கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. அதைவிடக் குறைந்த சதவீதத்துக்கு இறங்கி வந்த பிறகே ஓடின. கையெழுத்தான ஒப்பந்தத்துக்குச் சட்டத்தின் பலம் வேண்டும் என்பது இங்கே பல வருடக் கோரிக்கை. ஒப்பந்தம் முடிவது ஒன்று, அது நடைமுறைக்கு வருவது வேறு என்பதை மங்கலத்தில் யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

சுங்க வரியைக் கட்டுவது யார்? பெரிய ஒப்பந்தங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் பிரிட்டனில் இறங்கும்போது வரி கட்டுகிறவர் அங்கே இறக்குமதி செய்கிறவர். வளரும் நாடுகளுக்கான சலுகை போக, இந்திய ஆடைக்கு அங்கே 9.6 சதவீதம் வரி இருந்துவந்தது. 3 பவுண்டுக்குப் போகும் டி-ஷர்ட் என்றால் சுமார் 29 பென்ஸ். வரி பூஜ்யமாகும் நாளில் அந்த 29 பென்ஸ் முதலில் விழுவது பிரிட்டிஷ் கம்பெனியின் பையில். அதில் எவ்வளவு திருப்பூருக்கு வரும் என்பதைப் பையரும் ஏற்றுமதியாளரும் பேரம் பேசித் தீர்ப்பார்கள். ஏற்றுமதியாளரிடமிருந்து நிட்டிங், சாயப்பட்டறை, கூலிக்குத் தைக்கும் பவர் டேபிள், தறி என்று கீழே இறங்க இறங்க ஒவ்வொரு படியிலும் இன்னொரு பேரம். கடைசிப் படியில் இருப்பவருக்கு ஒரு பென்னியாவது வந்து சேரும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

வரி ஏறும்போதோ கணக்கு தலைகீழாகிவிடுகிறது. 2025 ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27-ல் மேலும் 25 சேர்ந்தது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அங்கே எப்போதும் உள்ள வரி 16.5 சதவீதம். எல்லாம் சேர்த்தால் 3 டாலர் சட்டைக்கு ஏறத்தாழ 2 டாலர் வரி. அதே சட்டை வங்கதேசத்திலிருந்து போனால் கூடுதல் வரி 20 சதவீதம்தான். மொத்தம் 1 டாலர் 10 சென்ட். வித்தியாசம் 90 சென்ட், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 79 ரூபாய். ஒரு சட்டையில் 79 ரூபாயைத் தாங்கும் லாபம் திருப்பூரில் யாருக்கும் கிடையாது. பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். ஷிப்மென்ட்டைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். புது ஆர்டர் தயங்கி நின்றது. திருப்பூரின் ஏற்றுமதி 2024-25-ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்; அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. வரி ஏறினால் கட்டுகிறவர் அமெரிக்க இறக்குமதியாளர்தான் என்று புத்தகம் சொல்லும். சுமையை இங்கே தள்ளிவிடும் பலம் அவருக்கு இருக்கிறது. வரி இறங்கினால் லாபத்தைக் கேட்டு வாங்கும் பலம் நமக்கு இருக்கிறதா?

அந்தப் பலம் பேச்சுவார்த்தை அறையில்தான் உருவாகிறது. அந்த அறையில் ஆடை எப்போதும் தனக்காகப் பேசப்படுவதில்லை. அது வேறு எதற்காகவோ கொடுக்கப்படும் அல்லது வாங்கப்படும் பண்டம்.

2011 செப்டம்பரில் நடந்தது இதற்குச் சரியான சாட்சி. பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா போனார். அந்தப் பயணத்தின் மையம் தீஸ்தா நதிநீர்ப் பங்கீடு. கடைசி நேரத்தில் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி எதிர்த்தார், உடன் வரவும் மறுத்தார். தீஸ்தா ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. வெறுங்கையோடு நிற்க முடியாத நிலையில் டெல்லி 46 ஜவுளி இனங்களுக்கு வங்கதேசத்திலிருந்து வரியில்லா இறக்குமதியை அறிவித்தது. இரண்டே மாதத்தில், மாலத்தீவின் அட்டு நகரில் நடந்த சார்க் மாநாட்டில் அது இன்னும் விரிந்தது: தெற்காசியாவின் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு, மது, புகையிலை போன்ற 25 இனங்கள் நீங்கலாக எல்லாமே வரியில்லாமல் வரலாம் என்றானது.

ஒரு முதல்வரின் எதிர்ப்பு நதி ஒப்பந்தத்தையே நிறுத்தியது. ஆடைச் சலுகை அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டை யாரும் கேட்கவில்லை, தமிழ்நாடும் வழிமறித்து நிற்கவில்லை. அண்டை நாட்டுக்குச் சலுகை தரக் கூடாது என்பதல்ல என் வாதம். வங்கதேசத் தையல் தொழிலாளி நம் பவர் டேபிளில் உட்காரும் பெண்ணைவிட வசதியானவர் அல்ல. அந்தச் சலுகையின் விலையைக் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. உள்நாட்டுச் சந்தையை நம்பி பனியனும் ஜட்டியும் டி-ஷர்ட்டும் தைத்த சிறு கம்பெனிகள் கொடுத்தன. பெரிய கடைகள் வங்கதேசச் சரக்கை இறக்க ஆரம்பித்தன. சீனத் துணி அங்கே போய்ச் சட்டையாகி, வரி இல்லாமல் இங்கே வருகிறது என்று திருப்பூர் பல வருடம் புகார் சொன்னது. துணி எங்கே நெய்யப்பட்டது என்று அழுத்திக் கேட்கும் விதி அந்தச் சலுகையில் இருந்திருந்தால், அந்தச் சட்டைக்கான துணியில் ஒரு பகுதியாவது இந்தியத் தறியில் நெய்ததாக இருந்திருக்கும்.

அப்படி ஒரு விதி எழுத முடியும். இந்தியா எழுதியும் இருக்கிறது. 1998 டிசம்பர் 28-ல் டெல்லியில் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்ட இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை ஆடைக்கு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படி வரை வரிச்சலுகை. அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பிற்பாடு அது தளர்த்தப்பட்டது. ஆனால் அந்த ஒற்றை வரியைக் கவனியுங்கள். கொழும்பில் தையல், இந்தியாவில் நெசவு. அந்த அறையில் நெசவைப் பற்றி யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். 2011-ல் அப்படி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பிறப்பிட விதிதான் மங்கலம் இருக்கும் இடம். வரி 9.6-ஆ பூஜ்யமா என்பது தலைப்புச் செய்தி. எந்தச் சரக்கை இந்தியச் சரக்கு என்று ஏற்றுக்கொள்வது என்பது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், சுங்க எண்களுக்கு எதிரே சின்ன எழுத்தில் இருக்கும். வெட்டித் தைத்தால் போதும் என்று எழுதினால் சீனத் துணி இறங்கும், தையல் மட்டும் இங்கே நடக்கும். துணியும் இங்கேதான் ஆகியிருக்க வேண்டும் என்று எழுதினால் தறிக்கும் நிட்டிங் மெஷினுக்கும் வேலை. நூலிலிருந்தே என்றால் நூற்பாலைக்கும் வேலை. அமெரிக்கா மெக்ஸிகோவோடும் மத்திய அமெரிக்க நாடுகளோடும் செய்த ஒப்பந்தங்களில் இப்படித்தான் நூலிலிருந்து ஆரம்பித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் சலுகைத் திட்டத்தில் 2011-லிருந்து மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ‘தைத்தால் போதும்’ என்று தளர்த்தியது. அதனால் சீனத் துணியில் தைத்த வங்கதேசச் சட்டை ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போனது. முழுக்க முழுக்க இந்தியாவில் நூற்று, நெய்து, சாயமேற்றி, தைத்த சட்டைக்கு 9.6 சதவீதம் வரி.

மங்கலத்துக் காடா பெரும்பாலும் வடமாநிலச் சாய ஆலைகளுக்குப் போய் உள்நாட்டிலேயே விற்பது. திருப்பூர் ஏற்றுமதி பின்னலாடை. அப்படியிருக்க ஐரோப்பாவின் விதி தறிக்காரரை எப்படித் தொடும் என்று கேட்கலாம். இரண்டு வழியாகத் தொடும். நெய்த துணிக்கு ஏற்றுமதி ஆர்டர் பெருகினால் காடாவுக்கு விலை கிடைக்கும், கூலி பேச இடம் வரும். இன்னொரு பக்கம், நாம் கொடுக்கும் சலுகையில் வெளிநாட்டு ஆடை உள்ளே வந்தால் அடிபடுவது உள்நாட்டுச் சட்டைத் துணி, அதாவது இதே காடா. மங்கலம் சாலை நெடுகத் தறிக் கொட்டகைகளுக்குப் பக்கத்திலேயே பனியன் கம்பெனிகளும் இருக்கின்றன. பல வீடுகளில் ஒருவர் தறியிலும் இன்னொருவர் செக்கிங்கிலுமாக வேலை செய்கிறார்கள். அந்த வீட்டு வருமானத்துக்கு நெசவு, பின்னல் என்ற பிரிவு கிடையாது.

சரி, டெல்லி யாருக்காகப் பேசுவது? இந்த வட்டாரத்துக்குள்ளேயே குரல்கள் பலவிதம். கோவைப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வங்கதேசம் நல்ல வாடிக்கையாளர். இங்கே நூற்ற நூல் அங்கே போய்ச் சட்டையாகிறது. 2025 ஏப்ரலில் டாக்கா அரசு தரைவழியாக இந்திய நூல் வரக் கூடாது என்றது. மே 17-ல் டெல்லி திருப்பிக் கொடுத்தது: வங்கதேச ஆடை தரைவழியே வரக் கூடாது, மும்பை நவ சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம். பனியன்காரர்கள் வரவேற்றார்கள், நூல்காரர்கள் கவலைப்பட்டார்கள். பருத்தியிலும் இதே இழுபறி. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் பருத்திக்கு 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. 2022 ஏப்ரலில் சில மாதம் விலக்கினார்கள். மறுபடி போட்டார்கள். அமெரிக்க வரி தலையில் விழுந்த 2025 ஆகஸ்டில் மறுபடி விலக்கி, டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். வரி வந்தால் ஆலைக்காரர்களும் பனியன்காரர்களும் தவித்தார்கள், போனால் விதர்ப்பாவின் பருத்தி விவசாயி விலை சரியுமே என்று பயந்தார். தமிழ்நாட்டு ஆலைகளின் தேவையில் சிறு பங்கைத்தான் இந்த மண் விளைவிக்கிறது. ஆகவே இங்கே குரல் ஒரு பக்கம் ஒலிக்கும், மராட்டியத்தில் மறு பக்கம். இந்த முரண்களை வெளிச்சத்தில் வைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வரும் இடம் எது? அப்படி ஓர் இடமே இல்லை. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக டெல்லிக்கு மனு எடுத்துப் போகிறது. செல்வாக்கு உள்ளவரின் மனு மேலே போகிறது. கூலிக்கு நெய்கிறவரின் மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது.

பிரிட்டன் பேச்சுவார்த்தை எப்படி நடந்தது என்று பார்த்தாலே எந்தக் குரல் எங்கே எட்டுகிறது என்பது விளங்கும். 2022 ஜனவரி 13-ல் தொடங்கினார்கள். ஏப்ரலில் இந்தியா வந்த பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன், தீபாவளிக்குள் முடிப்போம் என்றார். தீபாவளிக்கு முன்பே அவர் பதவி போனது. அடுத்து வந்த லிஸ் டிரஸ் அரசில் உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிரேவர்மன், விசா முடிந்தும் தங்கிவிடுகிறவர்களில் இந்தியர்களே அதிகம் என்று பேசி டெல்லியை எரிச்சலூட்டினார். அந்த அரசும் கவிழ்ந்தது. பிறகு ரிஷி சுனக், பிறகு இரு நாட்டிலும் தேர்தல், பிறகு கீர் ஸ்டார்மர். 2025 ஜூலை 24-ல் பிரிட்டனில் மோடியும் ஸ்டார்மரும் பார்த்திருக்க, வர்த்தக அமைச்சர்கள் பியூஷ் கோயலும் ஜொனாதன் ரெனால்ட்ஸும் கையெழுத்திட்டபோது பிரிட்டன் வாங்கிக்கொண்டது என்ன? ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீதமாக இருந்த வரி உடனே 75, பத்து வருடத்தில் 40. கார்களுக்கு 100 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை 10. நாம் பெற்றது: ஆடை உட்பட ஏற்றுமதி இனங்களில் 99 சதவீதத்துக்குப் பூஜ்ய வரி, தற்காலிகமாக அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று வருடம் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இல்லை. பாலும் சீஸும் ஆப்பிளும் நம் பக்கம் பத்திரமாக வெளியே வைக்கப்பட்டன.

ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்களுக்கு அவர்கள் அரசு எத்தனை வருடம் வாதாடியது என்று எண்ணிப் பார்க்கிறேன். நம் பால் உற்பத்தியாளர்களுக்காக டெல்லி ஒவ்வொரு பேச்சிலும் அசையாமல் நிற்கிறது. அது சரிதான், கோடிக்கணக்கான குடும்பங்களின் ஓட்டு அங்கே இருக்கிறது. ஆடைக்கு நல்லது நடந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. பூஜ்ய வரி பெரிய விஷயம். அது பதினைந்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்பதுதான் வலி.

ஐரோப்பாவோடு நடந்ததில் அந்த வலி இன்னும் தெளிவு. 2007 ஜூனில் தொடங்கிய பேச்சு, கார், ஒயின், தகவல் பாதுகாப்பு, பணியாளர் விசா என்று பல முனைகளில் சிக்கி 2013-ல் நின்றது. 2022 ஜூனில் மறுபடி தொடங்கி, 2026 ஜனவரி 27-ல் டெல்லியில் முடிந்ததாக அறிவித்தார்கள். இந்தப் பத்தொன்பது வருடங்களில் வங்கதேசம் வரியே இல்லாமல் ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பியது. வியட்நாமின் ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. திருப்பூர் ஒவ்வொரு சட்டையிலும் 9.6 சதவீதத்தைத் தன் லாபத்திலிருந்தும் கூலியிலிருந்தும் கழித்துக்கொண்டு போட்டியிட்டது. 2013-ல் பேச்சு முறிந்த அன்று அதைத் தங்கள் நஷ்டம் என்று உரக்கச் சொன்ன தையல்காரரோ தறிக்காரரோ எந்தத் தொலைக்காட்சியிலும் இல்லை. கார்காரர்களின் கவலை எல்லோருக்கும் கேட்டது.

வரி போனால் மட்டும் போதுமா என்றால், ஜப்பானைப் பார்க்க வேண்டும். 2011 ஆகஸ்டிலிருந்து நம் ஆடைக்கு அங்கே வரி இல்லை. ஆனாலும் ஜப்பான் வாங்கும் ஆடையில் இந்தியாவின் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டது. செயற்கை இழைத் துணி நம்மிடம் குறைவு, தர எதிர்பார்ப்பு அங்கே அதிகம், சீனாவும் வியட்நாமும் முன்பே வேரூன்றியவை.

ஐரோப்பா இன்னொன்றையும் கேட்கும்: சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன். பிரிட்டன் ஒப்பந்தத்திலும் இவற்றுக்குத் தனி அத்தியாயங்கள் உண்டு. டெல்லி இவற்றை நெடுங்காலம் சந்தேகத்தோடு பார்த்தது. திருப்பூர் பயப்படத் தேவையில்லை என்று நான் நினைக்கிறேன். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்புக்கு இந்த ஊர் பெரும் கடனோடு மாறியது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பாழான வயல்களையும் விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது. அந்தச் செலவு சாயக் கூலியில் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தச் செலவைச் செய்யாத நாட்டுச் சரக்கும் நம் சரக்கும் ஐரோப்பியக் கடையில் ஒரே விலைக்குப் போட்டியிடுகின்றன. சுற்றுச்சூழல் அத்தியாயத்தைத் தற்காப்பாகக் கையாளாமல், ‘நாங்கள் செய்துவிட்டோம், இதற்கு விலை கொடுங்கள்’ என்று மேசையில் எடுத்து வைத்திருக்கலாம். திருப்பூரிலிருந்து ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

யார் உட்கார முடியும் என்பதை அரசியல் சட்டம் தீர்மானிக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தமும் வெளிநாட்டு வணிகமும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலத்தைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாடாளுமன்ற ஒப்புதல்கூடத் தேவையில்லை, மத்திய அமைச்சரவை போதும். பிரிட்டனில் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாள் வைத்தாக வேண்டும். ஐரோப்பாவில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். அதாவது திருப்பூர் பனியனுக்கான சலுகை பற்றி ஸ்ட்ராஸ்பர்க்கில் உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள். திருப்பூரின் எம்.பி.க்கு அப்படி ஓர் ஓட்டு இல்லை.

கேரளம் இதை எதிர்கொண்ட விதம் வேறு. 2009 ஆகஸ்டில் ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தானபோது ரப்பரும் மிளகும் தேங்காயும் அடிபடும் என்று அங்கே இடதுசாரிகள் அக்டோபர் 2-ல் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி கோத்தார்கள். ஒப்பந்தம் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பின் எந்த வர்த்தகப் பேச்சிலும் ரப்பரைத் தொடும்போது டெல்லி கேரளத்தை நினைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எழுவதே அடி விழுந்த பிறகுதான். 2025 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நாட்டின் ஏற்றுமதியில் 20 சதவீதம் அமெரிக்காவுக்கு என்றால் தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம் அங்கே போகிறது, ஆகவே அடி இங்கே அதிகம் என்ற கணக்கு அதில் சரியாக இருந்தது. செப்டம்பர் 2-ல் தி.மு.க. கூட்டணி திருப்பூரில் ஆர்ப்பாட்டம் நடத்தியது. கடிதமும் ஆர்ப்பாட்டமும் தேவை. ஆனால் பிரிட்டனோடும் ஐரோப்பாவோடும் பேசிக்கொண்டிருந்த வருடங்களில், பிறப்பிட விதி என்ன எழுதப்படுகிறது, எந்தச் சுங்க எண்ணில் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று எந்தக் கட்சியும் திருப்பூரில் ஒரு பொதுக்கூட்டம் போட்டதாக என் நினைவில் இல்லை. மூலதனம் உள்ள சங்கங்களுக்கு டெல்லியில் கதவு திறக்கிறது. கூலிக்கு நெய்கிறவர், பவர் டேபிள் நடத்துகிறவர், சிங்கர் டெய்லர் ஆகியோருக்கு அந்தக் கதவைத் திறந்து கொடுக்க வேண்டியவை அரசியல் கட்சிகள். அவை செய்யவில்லை.

அமெரிக்காவோடு நடந்ததைப் பாருங்கள். 2026 பிப்ரவரி 2-ல் ட்ரம்ப் இந்தியாவுக்கு வரியை 18 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். திருப்பூரில் பெருமூச்சு விட்டார்கள். ஒரு வாரத்தில் வங்கதேசம் தன் ஒப்பந்தத்தை முடித்தது: பொது வரி 19 சதவீதம்தான், ஆனால் அமெரிக்கப் பருத்தியையும் செயற்கை இழையையும் கொண்டு தயாரித்த ஆடையில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு அந்த வரி கிடையாது. ஒரு சதவீதத்தில் நாம் முந்தினோம் என்ற மகிழ்ச்சி அந்த ஒற்றை விதியில் கரைந்தது. பிப்ரவரி 20-ல், அவசரகாலச் சட்டத்தை வைத்து ட்ரம்ப் போட்ட வரிகளே செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, உடனே வேறு சட்டத்தின்கீழ் எல்லா நாடுகளுக்கும் புதிய வரி வந்தது. இருபது நாளில் மூன்று விலை. ஆறு மாதம் முன்கூட்டி நூல் வாங்கி ஆர்டர் எடுக்கும் தொழில் இந்த ஆட்டத்தைத் தாங்காது. தன் பருத்தி விவசாயியை வங்கதேசத்துச் சட்டைக்குள் அமெரிக்கா எழுதி வைத்ததைத்தான் நாம் படிக்க வேண்டும். 1998-ல் இலங்கையோடு நாம் செய்ததும் அதுவே.

அடுத்த முக்கியமான தேதி 2026 நவம்பர் 24. மிகப் பின்தங்கிய நாடு என்ற பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. குறித்திருந்த நாள். வெளியேறினாலும் ஐரோப்பா மூன்று வருடம் வரியில்லாச் சலுகையைத் தொடரும். அதற்குப் பிறகு அங்கேயும் துணி நெய்திருக்க வேண்டும் என்ற விதி கடினமாகும். நமக்குக் கிடைக்கும் இடைவெளி அந்த மூன்று வருடம். நாடா போட்ட பழைய தறியை வைத்துக்கொண்டு ஐரோப்பியத் தரத்தில் துணி கொடுக்க முடியாது. நாடா இல்லாத தறிக்கு மாற வேண்டும், அதற்குக் கடன் வேண்டும், கடனை அடைக்கக் கூலி வேண்டும். மங்கலத்தில் கூலிக்கு ஓட்டுகிறவர் தன் வருமானத்தில் அந்தத் தறியை வாங்க முடியாது. பெரிய மூலதனம் உள்ளவர் வேறு ஊரில் புதுக் கொட்டகை போடுவார். ஒப்பந்தத்தின் லாபம் திருப்பூர் மாவட்டத்துக்கே வந்தாலும் மங்கலத்தைத் தாண்டிப் போய்விடும்.

ஆகவே, மாநில அரசு இப்போதே செய்யக்கூடிய சில காரியங்களைக் கேட்கிறேன். வர்த்தகப் பேச்சுகளைப் பின்தொடர துணிநூல் துறையில் ஒரு நிரந்தரப் பிரிவு வேண்டும். அதில் ஏற்றுமதியாளரோடு கூலி நெசவாளர், பவர் டேபிள்காரர், தொழிற்சங்கம், நூற்பாலை, சாயப்பட்டறை எல்லோரும் உட்கார வேண்டும். அவர்களுக்குள் உள்ள முரணை அங்கேயே சண்டை போட்டுத் தீர்த்து, ஒரே குரலாக டெல்லிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒப்பந்தத்தின் ஆடைப் பகுதியையும் பிறப்பிட விதியையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். தறி மாற்றும் கடனில் சொந்தத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவருக்கே முதலிடம் வேண்டும். கூலி ஒப்பந்தத்துக்குச் சட்ட பலம் வேண்டும்.

கூலி உயர்வுப் பேச்சு மறுபடி வரும். அப்போது உற்பத்தியாளர்கள் வழக்கம்போல நூல் விலையையும் சந்தை மந்தத்தையும் சொல்வார்கள். அதில் உண்மையும் இருக்கும். வரி இறங்கியதால் ரகவாரியாக ஏற்றுமதி எவ்வளவு கூடியது, பையர் தரும் விலை எவ்வளவு ஏறியது என்ற கணக்கும் அதே மேசையில் இருக்க வேண்டும். சுங்கத் துறையிலும் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்திலும் அந்த எண்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துத் தறிக்காரர்கள் கையில் கொடுக்க வேண்டியது துணிநூல் துறையின் வேலை. கேட்டு வாங்க வேண்டியது மங்கலம், சோமனூர், பல்லடம், அவிநாசிச் சங்கங்களின் வேலை.